ரெண்டு கிழமை

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கே பிடிக்காது. அவர் சேகரித்த காகிதங்களில் யாருக்கும் பெயர் கிடையாது. சாட்சி ஒன்று, சாட்சி இரண்டு என்று பதினொன்று வரைக்கும் எண்கள்தான். பதினொன்று அவரேதான். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தம்பி என்றார். எங்களில் யார் மூத்தவர் என்று கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை, இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும்.

எனக்குப் பூந்தமல்லியில் டைப்பிங் கடை. பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகிற சந்தில், டீக்கடைக்கு அடுத்தது. கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றத்துக்கு அபிடவிட், இவைதான் என் பிழைப்பு. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவன். அந்தப் படிப்பை வைத்து நான் சாதித்ததெல்லாம் பத்திரங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது ஒன்றுதான். மெட்ரோவுக்காக டிரங்க் ரோட்டைத் தோண்டிப்போட்டிருந்த சமயம். தூசி தட்டிக்கொண்டே ஒரு நாள் அவர் உள்ளே வந்தார்.

"தமிழை இங்கிலீசில மாத்துவீங்களோ?"

"மாத்துவேம்மா."

"நீங்களே செய்யிறனீங்களோ, ஆரிட்டையும் குடுத்துச் செய்விக்கிறனீங்களோ?"

"நானேதான்."

"செய்த ஒண்டைக் காட்டுங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், என்னிடம் யாரும் பரீட்சை வைத்ததில்லை. மேஜையில் கிடந்த ஒரு கிரயப் பத்திரத்தின் இரண்டு பிரதிகளையும் தள்ளினேன். நின்றபடியே கால் மணி நேரம் படித்தார். பிறகு ஆங்கிலப் பிரதியில் ஒரு வரியில் விரலை வைத்து, "இதில வடக்கு எல்லை தெற்காப் போட்டுது" என்றார். இருக்கவே இருக்காது என்று வேகமாகப் பிடுங்கிப் பார்த்தேன். தெற்காகத்தான் போயிருந்தது. அப்படியும் தன் வேலையை என்னிடமே கொடுத்தார், ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

வேலை இதுதான். இலங்கையின் கடைசி யுத்தத்தில் நடந்த குற்றங்களை விசாரிக்க எங்கோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் ஒரு மக்கள் தீர்ப்பாயம் கூடப்போகிறது. எந்த அரசாங்கமும் நடத்தாததால் ஜனங்களே நடத்துகிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி, பேராசிரியர், டாக்டர் என்று சிலர் உட்கார்ந்து வாக்குமூலங்களைப் படிப்பார்கள், சிலரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அறிக்கை எழுதுவார்கள். பூந்தமல்லி, மாங்காடு, ஆவடிப் பக்கம் வாடகை வீடுகளில் இருக்கிற இலங்கை அகதிகளிடம் வாக்குமூலம் வாங்கித் தருவது அவர் பொறுப்பு. ஆங்கிலமாக்குவது என் பொறுப்பு.

"குற்றவாளிங்களுக்குத் தண்டனை குடுப்பாங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"பின்ன எதுக்கு?"

"ஒரு நாள் உண்மையான கோடு வரும். அண்டைக்கு நாங்கள் வெறுங்கையோட நிக்கேலாது."

கோடு என்று அவர் சொன்னது கோர்ட்டை. அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. "கண்டனீங்களோ?" பார்த்தீர்களா என்பதைத்தான் அவர்கள் ஊரில் அப்படிக் கேட்பார்கள். சாட்சிகளிடம் மட்டுமல்ல, எல்லாரிடமும் கேட்பார். சென்னீர்குப்பத்தில் லாரி மோதி நாலு பேர் காலி என்று பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு நாள் ஓடி வந்து சொன்னார். அக்கா பேனாவை மூடினார்.

"நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் எங்கம்மா பாத்தேன், கடைல கீறேன். அல்லாரும் சொல்லிக்கினு கீறாங்கோ."

"அப்ப அது கேட்டது."

"இன்னாமா நீ, நாலு உசுரு பூடுச்சுன்றேன்!"

சாயங்காலம் தெரிந்தது, செத்தது ஒரு ஆடு. டீக்கடைக்காரர் அதற்குப் பிறகு எந்தச் செய்தி கொண்டுவந்தாலும், "கண்டதா கேட்டதான்னு கேக்காத தாயீ, கேட்டதுதான்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

சாட்சிகளுக்காக அவரே கோடு போட்டு ஒரு படிவம் தயாரித்திருந்தார். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'கண்டது', வலது பக்கம் 'கேட்டது'. எதையும் இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை கேட்டுவிட்டு, எழுதாமல், ஒரு டீ குடிக்கவைத்துவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்பார். பதில் மாறினால் வலது பக்கம் போய்விடும்.

அவர் வேலை செய்ததைப் பற்றி ஒரு கூத்து உண்டு. ஊரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "கச்சேரியில வேலை செய்தனான்" என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். "பாட்டா அக்கா, வயலினா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர்கள் ஊரில் கச்சேரி என்றால் ஜில்லாவின் அரசாங்க அலுவலகமாம். அவர் அங்கே கிளார்க். அன்றைக்கே ஒரு தாளில் பட்டியல் போட்டு மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினோம். கந்தோர் என்றால் ஆபீஸ். கதிரை என்றால் நாற்காலி. சவுக்காரம் என்றால் சோப்பு. பேந்து என்றால் பிறகு. வெளிக்கிடுவது என்றால் கிளம்புவது. எனக்குத் தெரியாத சொல் வந்தால் கேட்பேன், பட்டியல் ஒரு வரி நீளும். முப்பது சொல் சேர்ந்ததும், இனிமேல் சிலோன் தமிழில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். சாட்சி ஆறு. அவரிடம் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். பதுங்குகுழியின் மேல் செல் விழுந்ததைப் பெரியவர் சொன்னார். செல் என்றால் பீரங்கிக் குண்டு. "நாப்பது பேர் முடிஞ்சுது" என்றார்.

"எத்தினை பேரை நீங்கள் கண்டனீங்கள்?"

"நாப்பது எண்டு எல்லாரும் சொன்னவை, பிள்ளை."

"ஓம் ஐயா. நீங்கள் கண்டது எத்தினை?"

பெரியவர் ஒவ்வொரு விரலாக மடக்கினார். மனைவி. மூத்த மகள். பக்கத்து வீட்டுப் பையன். மூன்று.

அக்கா இடது பக்கத்தில் 'மூன்று' என்று எழுதினார். பெரியவர் எழுந்துவிட்டார். "என்ரை சனத்தைக் குறைச்சு எழுதுறியோ? ஆரின்ரை ஆள் நீ?" என்று கத்தினார், அழுதார். அவர் மருமகள் எங்களை வெளியே போகச் சொன்னாள். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்து, டீ வந்து, குடித்து, மறுபடியும் கேட்டார். மூன்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சண்டை போட்டேன். என்ன மனுஷி இவர், ஒரு கிழவனை அவன் பெண்டாட்டி பிள்ளை பிணத்தை இரண்டு தடவை எண்ணவைக்கிறார் என்று எனக்கு வெறுப்பாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன்.

"நாப்பதும் செத்திருக்கும் தம்பி. நான் நம்புறன்" என்றார். "ஆனா நாப்பது எண்டு எழுதினா, அவங்கள் முப்பத்தொன்பது எண்டு காட்டி முழுக்கப் பொய் எண்டுவாங்கள். அந்த மூண்டை ஒருத்தராலயும் அழிக்கேலாது."

'காணாமல் போனவர்' என்று யாராவது சொன்னாலும் அவருக்குக் கோபம் வரும். நான் ஒரு முறை அப்படித் தட்டிவிட்டேன். "போகேல்லை தம்பி. தானாப் போன ஆளில்லை. கையளிக்கப்பட்டவர் எண்டு போடுங்கோ" என்றார். தன் கதை என்று அதுவரை அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அப்பா, டாங்கி கட்டுகிற பாதுகாப்புத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தும் அந்த ஏரியாவை விட்டுப் போக மனமில்லாமல் அடுத்த தெருவிலேயே வீடு பிடித்திருந்தார். அம்மா திருநெல்வேலிச் சொதி வைத்திருந்தாள். அது அவர்கள் ஊரிலும் உண்டாம், ஆசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் சோதனை ஓட்டத்துக்கு எடுத்த டாங்கியின் சங்கிலிச் சத்தம் கேட்டது. எங்களுக்கு அது குக்கர் விசில் மாதிரி, காதிலேயே விழாது. அவர் கை நின்றுவிட்டது.

"இப்ப இடப்பக்கம் திரும்புது" என்றார்.

அப்பாவுக்கு ஆச்சரியம். "எப்படிம்மா தெரியும்?"

"திரும்பேக்க சத்தம் மாறும், ஐயா." பிறகு என்னைப் பார்த்து, "இது கேட்டது மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

பத்து வாக்குமூலங்களை அவரே கையால் எழுதிக் கொண்டுவந்தார். கந்தோர்த் தமிழ், தேதி போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல். நான் ஆங்கிலமாக்கியதும் வரிவரியாகச் சரிபார்ப்பார். காற்புள்ளிக்குக்கூடச் சண்டை. பதினொன்றாவதாகத் தன்னுடையது வந்தபோதுதான் முறை மாறியது. "எனக்குக் கையால எழுத வரேல்லை தம்பி. நான் சொல்லுறன், நீங்கள் நேர இங்கிலீசில அடியுங்கோ" என்றார். அனுப்பவேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் அது.

கதவுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார். யுத்தம் முடிந்த அன்று, இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதிந்துகொள்ளுங்கள் என்று ராணுவத்தார் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள். அவர் கணவர் இயக்கத்தின் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதியவர். பயந்தாராம். இவர்தான், பதிந்தால் விட்டுவிடுவார்கள் என்று தைரியம் சொல்லியிருக்கிறார்.

"நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தனான். பேர் எழுதினவை. விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டவை. பேந்து எங்களைப் பஸ்ஸில ஏத்தி முகாமுக்குக் கொண்டுபோச்சினம். அவரைக் குடுத்து ரெண்டு கிழமையால, முகாமின்ரை கம்பிவேலிக்கு அங்கால ஒரு பஸ் நிண்டது. யன்னலோட அவர் இருந்தவர். நான் கண்டனான். அவரும் என்னைக் கண்டவர். கையைத் தூக்கேல்லை. தூக்கினா என்னையும் பிடிப்பினம் எண்டு..." நிறுத்தினார். "அது நான் நினைக்கிறது. எழுதாதையுங்கோ."

அந்தப் பார்வைதான் முழு விஷயமும். அப்படி ஒருவரை எங்களிடம் யாரும் ஒப்படைக்கவே இல்லை என்று அவருக்கு அரசாங்கத்திலிருந்து பதில் வந்திருந்தது. அவர்கள் அவரை வாங்கிக்கொண்டதையும், நாள் கழிந்தும் உயிரோடு வைத்திருந்ததையும் பார்த்த ஒரே ஆள் அவர்.

நான் 'டூ டேஸ்' என்று அடித்தேன். இரண்டு நாள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு கிழமை, செவ்வாய்க்கிழமை ஒரு கிழமை. இன்றைக்கு என்ன கிழமை என்றுதான் நாங்கள் கேட்போம். இரண்டு கிழமை என்றால் இரண்டு நாள் என்பதில் எனக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன், பட்டியலில் ஒரு வரி ஏறியிருக்கும்.

அடித்து முடித்ததும், "படிச்சுப் பாருங்க அக்கா" என்றேன். திரையைப் பார்க்காமல் எழுந்தார். "எனக்கு ஏலாது தம்பி. உங்களில நம்பிக்கை இருக்கு, அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஏழு மாதம் கழித்து அறிக்கை வந்தது. என் மின்னஞ்சலுக்குத்தான் வந்தது, அச்செடுத்து வைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். வந்து, உட்காராமல், அன்று பத்திரத்தைப் படித்த மாதிரியே நின்றுகொண்டு படித்தார். சாட்சி ஆறின் மூன்று பேர் அப்படியே இருந்தார்கள், ஒருவர்கூடக் குறையாமல். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கம் புரட்டினார். பிறகு ரொம்ப நேரம் புரட்டவில்லை.

சாட்சி பதினொன்று, தன் கணவரை, கையளித்த இரண்டு நாளில் முகாம் வேலி அருகே பார்த்ததாகச் சொல்கிறார். சாட்சி பதினொன்றோடு ஒரே பஸ்ஸில் முகாமுக்கு வந்த சாட்சி நான்கின்படி, முகாமை அடையவே நான்கு நாள் ஆகியிருக்கிறது. ஆகவே சாட்சி பதினொன்று பார்த்ததாகச் சொல்வதை இந்தத் தீர்ப்பாயம் ஆதாரமாகக் கொள்ளவில்லை. இதுதான் அங்கே இருந்தது.

"தம்பி, நான் சொன்னதை எடுங்கோ."

திரையில் எடுத்தேன். குனிந்து படித்தார்.

"கிழமை எண்டா என்ன?"

"நாள், அக்கா."

"எங்களுக்குக் கிழமை எண்டா ஏழு நாள்."

பத்திரப் பதிவுக்கு வந்த யாரோ ஜெராக்ஸ் கேட்டு வாசலில் நின்றார்கள், போகச் சொல்லிக் கை காட்டினேன். மானிட்டருக்குப் பக்கத்தில் பட்டியல் ஒட்டிக்கொண்டிருந்தது. சவுக்காரம் என்றால் சோப்பு.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார், நடுக்கோடு போட்ட அதே படிவம். திருத்தம் கேட்டு எழுதவேண்டும், மொழிபெயர்த்தவரின் வாக்குமூலமும் வேண்டும் என்றார். என் எதிரே உட்கார்ந்தார்.

"நாலாவது சாட்சியின்ரையையும் நீங்கள்தான் மாத்தினனீங்கள். என்ரையை அடிக்கேக்க, நாள் பிழையா வருது எண்டதைக் கண்டனீங்களோ?"

கண்டேன். அதுதான் உண்மை. 'டூ டேஸ்' என்று அடித்த மறுநிமிஷமே, நாலு நாள் பயணம் என்று சாட்சி நான்கில் அடித்தது ஞாபகம் வந்தது. பாவம், புருஷனைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுத்தவர், துக்கத்தில் நாள் குழம்பியிருக்கும், இதையும் கேட்டு நோகடிக்கவேண்டாம் என்று விட்டுவிட்டேன். பெரியவரிடம் இரண்டு தடவை கேட்டதற்கு அவரைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தவன் இல்லையா, நான் இரக்கப்பட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

"இல்ல அக்கா, கவனிக்கல" என்றேன்.

எழுதவில்லை. டீ சொன்னார். டீக்கடைக்காரர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கிளாஸ்களை வைத்துவிட்டுப் போனார். குடித்து முடித்தோம்.

"கண்டனீங்களோ?"

"இல்ல அக்கா."

தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். கிழமை என்ற சொல்லால் வந்த பிழை என்று விளக்கி ஒரு கடிதம் அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். அத்தனை காகிதத்திலும் இருந்த ஒரே பெயர் என்னுடையதுதான்.

பதில் பத்து நாளில் வந்தது. தீர்ப்பாயம் தன் வேலையை முடித்துக் கலைந்துவிட்டது, உறுப்பினர்கள் அவரவர் நாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள், அறிக்கை இறுதியானது, உங்கள் கடிதத்தைக் கோப்பில் பத்திரமாக வைத்திருப்போம், நன்றி. மேல்முறையீடு செய்ய அதற்கு மேலே ஒரு இடம் இல்லை. ஜனங்கள் கூட்டிய நீதிமன்றம், ஜனங்கள் எழுந்து போனதும் முடிந்துபோனது.

மூன்று மாதத்தில் அக்கா ஊருக்குத் திரும்பினார். "முகாம் இருந்த இடத்தில ஆரேனும் கண்டிருப்பினம். கேக்கவேணும்" என்றார். போகிற அன்று கடைக்கு வந்து ஒரு பழுப்பு உறையைக் கொடுத்து, "வச்சிருங்கோ" என்றார். மேலே எழுதியிருந்ததில் என் வாக்குமூலத்தின் நகல் என்று தெரிந்தது. பிரிக்கிற தைரியம் இல்லாமல் இழுப்பறையில் போட்டேன். ஆரம்பத்தில் இரண்டு தடவை போனில் பேசினார். பிறகு அந்த நம்பர் எடுக்கவில்லை. என்ன ஆனார் என்று சிலர் சிலது சொன்னார்கள். அவை கேட்டது, எழுதமாட்டேன்.

போன மாதம் கடையை மாற்றும்போது அந்த உறை கையில் வந்தது. பிரித்தேன். சாட்சிகளுக்குப் போட்ட அதே படிவம். வலது பக்கம், 'கேட்டது' என்பதற்குக் கீழே, என் பதில்: கவனிக்கவில்லை என்று இரண்டு தரமும் சொன்னார்.

இடது பக்கம், 'கண்டது' என்பதற்குக் கீழே, அதே கந்தோர்த் தமிழில் ஒரு வரி: சொல்லுமுன் இரண்டு தரமும் என் முகத்தைப் பார்க்கவில்லை, விசைப்பலகையைப் பார்த்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, போய்வருகிறேன் தம்பி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்.

அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். சாட்சி பதினொன்று தன் கணவரை உயிரோடு பார்த்தது, கையளித்துப் பதினான்கு நாள் கழித்து. பிழை என்னுடையது. அதை நான் அன்றைக்கே கண்டனான், அக்கா.